‘ஓஸ்’ என்ற ஒரே பதில்

மாவட்டத்தில் புதிதாகக் கராத்தே சொல்லித்தர வந்திருக்கும் மாஸ்டர்களுக்கு,

ஆண்டுவிழா மலருக்கு என் சாதனைகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிற பழைய புகைப்படம் ஒன்றும் வேண்டுமாம். புகைப்படத்தை அனுப்பிவிட்டேன். அதில் என் தலை நிறைய முடி இருக்கிறது. சாதனை என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பு நடத்தினேன். இடுப்பு ஒத்துழைக்கவில்லை, நிறுத்திவிட்டேன். சாதனைக்குப் பதிலாக நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

என்னை எங்கே பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். அந்தக் காலத்துப் பயிற்சி உசத்தியா, இந்தக் காலத்துப் பயிற்சி உசத்தியா? டீக்கடையில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இப்போது மழுப்பாமல் சொல்லப் பார்க்கிறேன்.

என் மாஸ்டர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டின மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுப்பார். நான் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் போவேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் அடித்த அடியை மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். வகுப்பு முடிகிறவரை தண்ணீர் கிடையாது. தாகம் என்றவன் மைதானத்தை இன்னும் பத்துச் சுற்று ஓட வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிறோமே, அதில் நீங்கள் பிள்ளைகளை இரண்டு நிமிடம் நிறுத்துகிறீர்கள். நாங்கள் அரைமணி நேரம் நிற்போம். அவர் எங்கள் தொடைமேல் ஏறி மிதித்துப் பார்ப்பார்.

அவர் என்ன கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றே ஒன்று. ‘ஓஸ்.’ ஜப்பானிலிருந்து வந்த சொல். வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால், ‘ஆகட்டும் மாஸ்டர்’ என்று வைத்துக்கொள்ளட்டும். புரிந்ததா என்றால் ஓஸ். வலிக்கிறதா என்றால் ஓஸ். வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டாலும் ஓஸ்தான், ஆனால் போய்விடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தொடை வெடவெடவென்று நடுங்கியது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் பக்கத்தில் எனக்கு சீனியர் ஒருவர், கல் மாதிரி நின்றிருந்தார். மாஸ்டர் வந்தார். என்னைத் தாண்டிப் போனார். அந்த சீனியரின் தோளைத் தொட்டு, போய் நிழலில் உட்காரச் சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சல். அழுகிறவன் நான், உட்காருவது அவரா? வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

“உன் தொடைதான்டா ஆடுது, பாதம் தரையில நல்லாப் பதிஞ்சிருக்குது. அது வெறும் அசதி. அவன் கால் வெரலைப் பாத்தியா? மண்ணைப் புடிச்சிக்கினு இருக்குது. உள்ள எதுவோ கெட்டுப் போயிருக்குது. வாயைக் கேக்காத, வாயி ஓஸ்னுதான் சொல்லும்” என்றார்.

அந்த சீனியருக்கு இடுப்பு நரம்பு பிடித்துக்கொண்டிருந்ததாம். ஒரு வாரம் அவரால் குனிய முடியவில்லை. மேற்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இத்தனை அடி அடித்த மனுஷன் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் நான் என்ன செய்தேன்? திண்டிவனத்தில் சொந்தமாக வகுப்பு ஆரம்பித்தபோது அவருடைய பிரம்பைக் கொண்டுவந்தேன், தண்ணீர் கூடாது என்பதைக் கொண்டுவந்தேன், ஓஸைக் கொண்டுவந்தேன். கண்ணை விழுப்புரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் மாஸ்டர் என்பார்கள். நானும் வஞ்சனை இல்லாமல் உரித்தேன். இப்போது அதே திண்டிவனத்தில் பெற்றோர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் படம் பிடிக்கிறார்கள். மஞ்சள் பெல்ட்டுக்குக் கேக் வெட்டுகிறார்கள். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த நாற்காலிகள் அப்போதே இருந்திருந்தால் சில பிள்ளைகளின் முதுகு தப்பித்திருக்கும்.

இனி எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே அதைச் சொல்லப் பயந்துதான்.

எஸ்தர் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் சேர்ந்தாள். கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர், அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறி வருவாள், கராத்தே உடுப்பை ஜவுளிக்கடைப் பையில் மடித்து வைத்திருப்பாள். வந்ததும் முதல் வேலையாக ஒரு கைப்பிடி மல்லாட்டையை என் மேஜைமேல் வைப்பாள். ஏழு வருடத்தில் வகுப்புக்கு வராத நாள் அபூர்வம். நான் பார்த்த மாணவர்களில் அவள்தான் முதல். இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாராட்டினால் கெட்டுவிடுவார்கள் என்பது எங்கள் காலத்துச் சட்டம்.

அவளுக்குப் போலீஸ் வேலைமேல் ஆசை. ஆசை என்று சொல்வதுகூடத் தப்பு, அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டமும் தாண்டுதலும் அடுத்த மாதம். அவள் ஓட்டத்துக்கு அதெல்லாம் ஒரு பரீட்சையே இல்லை.

அதே சமயத்தில்தான் நான் கருப்பு பெல்ட் தேர்வுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து பெரியவர்கள் மூன்று பேர் தேர்வாளர்களாக வருவதாக இருந்தது. திண்டிவனத்து மாஸ்டருக்கு மஞ்சள் பெல்ட் கட்டத்தான் தெரியும் என்று அவர்களில் ஒருவர் எங்கோ சொன்னதாக என் காதுக்கு வந்திருந்தது. எஸ்தரைக் காட்டி அவர் வாயை அடைக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் அப்பா மண்டியிலிருந்து நேராக வந்தார். தலையில் துண்டு, சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி. வாசலிலேயே நின்றார்.

“மாஸ்டர், பாப்பாவ அடுத்த மாசம் ஓட வுடறாங்களாம். இந்த பெல்ட்டு பரீட்சைய அப்புறமா வச்சிக்கினா ஆவாதுங்களா? கால்ல கீல பட்டுக்கினா பேஜாராப் பூடும்” என்றார்.

தேர்வாளர்கள் நாம் நினைத்த நேரத்துக்கெல்லாம் வர மாட்டார்கள் என்றேன். அதோடு, வேண்டாம் என்றால் அவளே வந்து கேட்கட்டும் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அது உங்ககிட்ட கேக்குமாங்க?” என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்க முடியாது. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது எஸ்தரை முன்னால் கூப்பிட்டு, பெல்ட் தேர்வு கொடுக்கிறாயா, தள்ளிப் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். “ஓஸ் மாஸ்டர்” என்றாள். இரண்டில் எதற்கு ஓஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்டேன் என்ற நியாயம் எனக்குக் கிடைத்துவிட்டது, அது போதுமாயிருந்தது.

தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடைசிக் கட்டம் பத்துச் சண்டைகள். ஒவ்வொரு சண்டைக்கும் களைப்பில்லாத புது ஆள் வருவான், தேர்வு கொடுக்கிறவர் மாறாமல் நிற்க வேண்டும். எட்டாவது சண்டையில் எஸ்தர் எகிறி உதைத்துவிட்டு இறங்கினாள். இடது கால் தரையில் படும்போது முழங்கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு இன்னொரு பக்கம் போயிற்று. விழுந்தாள். உடனே எழுந்து நின்றுவிட்டாள்.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்தார். நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அவளுடைய மாஸ்டர். மண்டபம் முழுக்க ஜனம். நான் அவள் பக்கத்தில் போனேன்.

“முடியுமா?”

“ஓஸ் மாஸ்டர்.”

அப்போது அவள் காலைப் பார்த்தேன். என் மாஸ்டர் சொன்னது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. அதனால்தான் பார்த்தேன். இடது காலின் ஐந்து விரலும் மண்டபத்துத் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றன. நகமெல்லாம் வெளுத்திருந்தது. இரண்டே சண்டைதானே பாக்கி என்று நினைத்தேன். மஞ்சள் பெல்ட் என்று சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்றும் நினைத்தேன். நடத்துங்கள் என்று கையைக் காட்டிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

மீதி இரண்டையும் ஒற்றைக் காலில் நின்றே முடித்தாள். மண்டபம் எழுந்து கைதட்டியது. பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்தான் அவளுக்குக் கருப்பு பெல்ட்டைக் கட்டிவிட்டேன். கட்டும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியில் காட்டினோம். முழங்காலுக்குள் இருக்கிற தசைநார் அறுந்துபோயிருந்தது. முதலில் கொஞ்சம்தான் கிழிந்திருக்க வேண்டும், அப்போதே உட்கார்ந்திருந்தால் கட்டுப்போட்டுச் சரி செய்திருக்கலாம், மேலும் ஆடினதில் முழுசாகப் போய்விட்டது என்றார் டாக்டர். அடுத்த மாதம் காலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஓட்டத்துக்குப் போயிருக்கிறாள். பாதிச் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அடுத்த தடவை எழுதினபோதும் எழுத்தில் தேறினாள், ஓட்டத்தில் போயிற்று. அப்புறம் வயது தாண்டிவிட்டது.

அவள் அப்பா என்மேல் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. பெல்ட் கட்டினதற்கு ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

தப்பு இதோடு நின்றிருந்தால், நெருக்கடியில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்கப்புறம் நான் செய்ததுதான் அசிங்கம். எஸ்தர் வகுப்பைவிட்டு நின்ற பிறகு, அவளைக் கதையாக்கினேன். புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொன்னேன்: முழங்கால் போயும் ஓஸ் என்று சொல்லி நின்றாளே, அவள் கராத்தேக்காரி, நீங்களும் இருக்கிறீர்களே. எத்தனை பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு எத்தனை வலியை என்னிடம் மறைத்தார்களோ, தெரியாது.

போன வருடம் மண்டகப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுக்கிற விழா. போய் இறங்கினால், பயிற்சி கொடுத்தவள் எஸ்தர். பல வருடம் கழித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் பருத்திருந்தாள், இடது காலை லேசாக இழுத்து நடந்தாள். “வாங்க மாஸ்டர், நான்தான் உங்க பேர டீச்சர்கிட்ட சொன்னேன்” என்று நாற்காலி எடுத்துப் போட்டாள்.

விழாவுக்கு முன்னால் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ஆடிக் காட்டச் சொன்னாள். அதே குதிரை நிலை. சிறிது நேரத்தில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, “நிறுத்து மிஸ், எனக்கு முடியல” என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. எஸ்தர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்து, நல்லாச் சொன்ன என்று தட்டிக்கொடுத்தாள். அவளுடைய முதல் நாள் பாடமே அதுதானாம், உரக்க ‘நிறுத்து’ என்று சொல்லப் பழகுவது. எனக்குள்ளே எரிச்சல். உட்காருவதற்கு ஒரு பாராட்டா, கலை இந்த லட்சணத்துக்கு வந்துவிட்டதா என்று நினைத்தேன்.

அந்த எரிச்சலோடு மைக்கைப் பிடித்தேன். உங்கள் மிஸ் யார் தெரியுமா என்று ஆரம்பித்து, பழைய கதையை முழுசாகச் சொன்னேன். வழக்கமாக அந்த இடத்தில் கைதட்டல் வரும். வரவில்லை. முன்வரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. கேள்வி கேட்கப் பழக்கியிருக்கிறாள் போல.

“சார், மிஸ்ஸுக்கு கால் வலிச்சிதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்க ஏன் சார் நிறுத்தல?”

வருடக்கணக்காக எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. இதை யாரும் கேட்டதில்லை. ஓஸ் சொல்லப் பழக்கினவர்கள் எப்படிக் கேட்பார்கள்? நல்ல கேள்வி என்று எதையோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். எஸ்தர் எழுந்து சான்றிதழ் கட்டை எடுத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். என்னைக் காப்பாற்றத்தான் அவசரப்பட்டாள்.

விழா முடிந்து பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். நான் செஞ்சி போகிற பஸ்ஸுக்கு நின்றேன். அவள் எதிர்ப்பக்கம், விழுப்புரம் பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், போகாமல் என்னோடு நின்றாள். அந்தப் பிள்ளை கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். தப்பில்லை என்றேன். பிறகு அவளிடம் கேட்டேன்: “ஒரு வார்த்தை முடியலன்னு சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டனாம்மா?”

“முடியலன்னு சொல்றதுக்கு நம்ம கிளாஸ்ல ஏது மாஸ்டர் வார்த்த?” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். என் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். “நீங்க குனிஞ்சி என் காலைப் பாத்தீங்க மாஸ்டர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. பாத்துட்டாரு, நிறுத்திடுவாருன்னு நெனச்சிக்கினேன். அந்த தைரியத்துலதான் ஓஸ்னு சொன்னேன். பாத்தீங்கதானே?”

செஞ்சி பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். ஏறுவதற்கு முன்னால் அவளுக்குப் பதில் சொன்னேன். “இல்லம்மா, நான் சரியா கவனிக்கல” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “சரிங்க மாஸ்டர், பாத்துப் போங்க” என்றாள்.

என்னைப் போல நீங்கள் அடிப்பதில்லை. தண்ணீர் கொடுக்கிறீர்கள், கைக்கும் காலுக்கும் உறை மாட்டிவிடுகிறீர்கள். நிஜமாகவே சந்தோஷப்படுகிறேன். ஆனால் உங்களில் ஒருவரின் வகுப்பை வேடிக்கை பார்த்தபோது ஒன்றைக் கண்டேன். ஓடு உடைக்கிறான் ஒரு சின்னப் பையன். உடைத்தது போனில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை உடைக்கச் சொன்னீர்கள். அப்புறம் இன்னொரு தடவை. மூன்று தடவையும் ஓஸ் என்றான். மூன்றாவது தடவை அவன் கால்விரல் என்ன செய்தது என்று நீங்கள் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு என் எதிரே தேர்வாளர் உட்கார்ந்திருந்தார், உங்கள் எதிரே போன். பயிற்சி எவ்வளவோ மாறியிருக்கிறது. இது மாறவில்லை, அதனால் கேட்கிறேன்: ஓஸ் சொல்லிக்கொடுங்கள், அதற்கு முந்தின நாள் ‘நிறுத்து’ சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று காலைப் பார்க்காமலும் இருந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு பிரதியை எஸ்தர் பெயர் போட்டு மண்டகப்பட்டுப் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன். நேரில் சொல்லத் தைரியம் வராத ஆள் நான் என்று அவளுக்கும் தெரியட்டும்.

பார்த்தேன் எஸ்தர். ஐந்து விரலையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையைக் காட்டினேன்.